லொறிக்குப் பிணை நின்ற வயல்

காகிதம் தொலைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் என் காது தானாக நிமிரும். ஓய்வு பெற்று இத்தனை காலமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. பேரப்பிள்ளை பள்ளிக்கூட அறிக்கையைக் காணவில்லை என்றாலும், "எப்ப கடைசியாக் கண்ட? அப்ப பக்கத்துல ஆரு நிண்ட?" என்று தொடங்கிவிடுவேன். "வாப்பாவுக்கு வீடும் கந்தோர் எண்டு நினைப்பு" என்று மகள் முணுமுணுப்பாள். அவள் சொல்வது சரிதான். ஆனால் நான் வேலை பார்த்த அந்த அரசாங்கக் கந்தோரில் இருந்தவர்களுக்கு வேறு நினைப்பு வராது.

அண்மையில் ஒரு கலியாண வீட்டில், இப்போது அதே கந்தோரில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "உங்கட காலத்துல ஒரு லொறிக்காக ஒழுங்கை ஒழுங்கையாப் பறையடிச்சீங்களாமே, மெய்யா?" என்று கேட்டார். மெய்தான், சந்து சந்தாகப் பறை போனது. அந்தக் கதையை அவருக்கு அன்று சாப்பாட்டுச் சத்தத்துக்குள் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் கல்முனைக் காரியாதிகாரி கந்தோரில் சேர்ந்தது ஐம்பதுகளின் தொடக்கத்தில். முதலில் தபால் பதிந்தேன், பிறகு தட்டெழுத்துப் பழகினேன், பிறகு துப்பாக்கி அனுமதிப் பத்திரங்கள் பார்த்தேன். இதிலெல்லாம் சொல்லும்படி ஒன்றுமில்லை. வாகன வேலைக்கு என்னை மாற்றியபோதுதான் தம்பிராசா ஐயாவின் மேசைக்கு எதிர்மேசை எனக்குக் கிடைத்தது. அவர் எங்கள் பெரிய கிளாக்கர். காரைதீவிலிருந்து சைக்கிளில் வருவார். சங்கிலியில் படாமல் களுசான் காலில் மாட்டிய கிளிப்பை நாள் முழுக்கக் கழற்ற மாட்டார். யாரோ எந்த நேரமும் தப்பி ஓடப்போகிறார்கள், தான் துரத்திப் பிடிக்க வேண்டிவரும் என்று நினைத்தாரோ என்னவோ.

அவர் யாரையும் அதட்டியது கிடையாது. வருகிறவருக்கு முதலில் ஒரு தேத்தண்ணி சொல்லி அனுப்புவார். அது வந்ததும் கேள்வி தொடங்கும். ஒரு கேள்வியைக் கேட்பார். பிறகு வயல் விளைச்சலைப் பற்றிக் கதைப்பார். நடுவே அதே கேள்வியை வேறு மாதிரிக் கேட்பார். போகும்போது வாசலில் வைத்து மூன்றாம் முறையும் கேட்பார். அந்த ஆள் போனபின் கோப்பையைத்தான் முதலில் பார்ப்பார். "மனசில பொய்க் கதையைப் பாடமாக்கிக்கொண்டு வந்தவனுக்குத் தேத்தண்ணி ஞாபகம் வராது தம்பி. ஆறவிட்டிருவான்" என்பது அவருடைய கணக்கு. இந்தக் கணக்கு எத்தனை தரம் சரி வந்தது, எத்தனை தரம் பிழைத்தது என்று நான் எழுதி வைக்கவில்லை. ஆனால் நானும் கோப்பையைப் பார்க்கப் பழகிவிட்டேன்.

ஐம்பத்தேழாம் ஆண்டுக் கடைசியில் பெருவெள்ளம் வந்தது. அதன் பிறகு எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. வெள்ளம் வயலைக் கொண்டுபோனது, மாட்டைக் கொண்டுபோனது, பாலத்தைக் கொண்டுபோனது. அதோடு இந்தக் கரையில் யார் யாரிடம் என்னென்ன ஆவணம் இல்லையோ அத்தனையையும் கொண்டுபோனது. ஒருபோதும் இல்லாத ஆவணத்தையும் கொண்டுபோனது! ஐயா ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்பார்: "தண்ணி எந்தப் பக்கத்தால வந்தது?" உண்மையில் வெள்ளத்தில் நின்றவர் அந்தக் கேள்விக்கு உட்கார்ந்து பதில் சொல்ல மாட்டார். எழும்பிக் கையைக் காட்டுவார். நாவிதன்வெளிப் பக்கத்திலிருந்து ஒரு உழவு இயந்திரக்காரர் நனைந்த பதிவுப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். எழுத்தெல்லாம் கரைந்திருந்தது. ஐயா அதை மூக்கருகே பிடித்தார், மடிப்பை விரித்துப் பார்த்தார். "வெள்ளத் தண்ணியெண்டால் மடிப்புக்குள்ள சேறு நிக்கும். இது கிணத்துத் தண்ணி" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அந்த மனிதர் வாங்கிக்கொண்டு போனார்.

பதிவுப் புத்தகம் இல்லாத வாகனத்துக்கு உரிமை எடுப்பது லேசான காரியமில்லை. மற்ற இடங்களில் எப்படியோ, எங்கள் கந்தோரில் நடந்தது இதுதான். முதலில் சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும். களவு வாகனம் இல்லை என்று பொலிசில் கடிதம் எடுக்க வேண்டும். கொழும்புப் பதிவில் யார் பெயர் இருக்கிறது என்று எழுதிக் கேட்போம், உரிமை கோருவோர் வரலாம் என்று அறிவித்தல் ஒட்டுவோம். பிறகு நாங்கள் போய் எஞ்சின் நம்பரின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்துக் கொழும்புக்கு அனுப்புவோம். கடைசியில் பிணைமுறி. லொறி என்னுடையது என்று ஒருவர் சொல்கிறார், காட்டுவதற்கு ஒன்றுமில்லை. நாங்கள் அவரை நம்பிப் பதிவு கொடுக்கிறோம். நாளைக்கு உண்மையான சொந்தக்காரர் வந்து நின்றால் அவருடைய நட்டத்தை யார் தீர்ப்பது? அதற்காகக் காணி பூமி உள்ள இருவர் தங்கள் சொத்தைப் பிணை வைப்பார்கள். குறித்த கெடுவுக்குள் ஒருவரும் வராவிட்டால் பிணை அவிழும். அதுவரை அந்தச் சொத்தை விற்கவோ பிள்ளைக்கு எழுதவோ முடியாது.

வெள்ளம் வடிந்து சில மாதங்களில் இஸ்மாயில் என்றொருவர் வந்தார். மருதமுனைப் பிள்ளை, சாய்ந்தமருதில் கலியாணம் முடித்தவர். நல்ல உடுப்பு, நல்ல பேச்சு. அவரிடம் ஒரு பழைய பட்டாள லொறி இருந்தது. நெல்லேற்றி ஓடியதாம்.

"பதுளைக்கார மரக்கறி முதலாளிட்ட நான் காசு குடுத்து வாங்கின லொறி ஐயா. புத்தகம் வெள்ளத்தோட பெயித்து" என்றார்.

தேத்தண்ணி வந்தது. ஐயா கேள்வியைத் தொடங்குமுன்பே இஸ்மாயில் கோப்பையை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. நாக்கு வெந்திருக்கும். அவர் போனபின் ஐயா வெறுங்கோப்பையை வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, எங்கட தேத்தண்ணிக் கதை சாய்ந்தமருது வரைக்கும் போயிற்றுது" என்றார்.

சத்தியக் கடதாசி சரியாக இருந்தது. பொலிஸ் கடிதமும் சரி. பிணைமுறியில்கூட மீராசாயிபு மரைக்காரிடமும் இன்னொருவரிடமும் முன்கூட்டியே கையெழுத்து வாங்கிக் கொண்டுவந்திருந்தார். கொழும்புப் பதிவில் பதுளை வியாபாரியின் பெயர்தான் இருந்தது. அவருக்கு எழுதிய கடிதம் ஆள் இல்லையென்று திரும்பி வந்தது. பள்ளிவாசல் வாசலிலும் சந்தையிலும் பொலிஸ் நிலையத்திலும் அறிவித்தல் ஒட்டினோம். ஒரு குஞ்சும் வரவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது. ஐயாவுக்கு அதுதான் இடித்தது.

"இந்தக் கரையில ஒரு கோழி வேலி பாய்ஞ்சாலும் நாலு பேர் என்ர கோழியெண்டு வருவினம். ஒரு முழு லொறிக்கு ஒருத்தரும் வரவில்லையெண்டால் என்ன அர்த்தம்? நீர் போய் நம்பரை எடுத்துக்கொண்டு வாரும். நம்பரோட மற்றதையும் பாரும்."

நான் புறப்படும்போது மீண்டும் கூப்பிட்டார். "பிணை நிக்கிற மீராசாயிபு மரைக்கார் உமக்கு என்ன முறை?"

அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது. என் சாச்சியின், அதாவது சின்னம்மாவின், கணவருக்கு அவர் மச்சான் முறை. இந்தக் கரையில் யாருக்குத்தான் யார் சொந்தமில்லை? சொன்னேன். ஐயா தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். அன்றிலிருந்து என்னுடைய கோப்பையையும் அவர் பார்க்கத் தொடங்கினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

சாய்ந்தமருதில் அந்த வீட்டுக்கு இஸ்மாயிலே என்னைக் கூட்டிப்போனார். லொறி வளவுக்குள் நின்றது. அதைச் சுற்றித் தென்னோலைக் கிடுகு வேலி. கிடுகு பச்சை மாறாமல் புதிதாக இருந்தது. லொறி வெளியே போக ஒரு கடப்பும் இல்லை. ஆள் போகும் சின்னப் படலை மட்டும்தான்.

"இது எப்பிடி வெளிய போற?" என்றேன்.

"அது... கொஞ்சம் வேலை இருக்கு லொறியில. அதுதான் அடைச்சு வெச்சிருக்கு."

"ஆரு அடைச்ச?"

இஸ்மாயில் லொறியின் மூடியைக் கைகாட்டினார். நான் மூடியைத் திறந்து எஞ்சின் நம்பரைத் தேய்த்து எடுத்தேன். ஆசனத்தில் கைத்தறித் துணியில் தைத்த மெத்தை ஒன்று கிடந்தது. லொறியில் தூசி இல்லை. யாரோ தினமும் துடைக்கிறார்கள். வேலையுள்ள லொறியை யார் தினமும் துடைப்பார்?

அப்போது உள்ளேயிருந்து ஒரு சிறு பிள்ளை தட்டம் ஏந்திக்கொண்டு வந்தது. தட்டத்தில் ஒரே ஒரு கோப்பை. அதை என்னிடம் தந்துவிட்டுப் போய்விட்டது. நான் காத்திருந்தேன். இரண்டாவது கோப்பை வரவில்லை. இஸ்மாயில் முகத்தைத் திருப்பி லொறிச் சில்லை மிதித்துக்கொண்டிருந்தார்.

வெளியூர் ஆளுக்கு இதில் ஒன்றும் தெரியாது. எங்கள் கரையில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் அவள் வீட்டுக்கு வந்து இருப்பார். அந்த வீட்டில் யாருக்கு என்ன குறைந்தாலும் மாப்பிள்ளைக்குக் குறையாது. பொரித்த மீனில் நடுத்துண்டு அவருக்கு. விருந்தாளிக்குக் கொடுக்கும் தேத்தண்ணியிலும் மாப்பிள்ளையின் கோப்பை முன்னால் வரும். அவருக்குத் தேத்தண்ணி வராத வீட்டில் அவர் ஏற்கெனவே அரைவாசி வெளியே நிற்கிறார்.

கந்தோருக்கு வந்து நம்பரை மேசையில் வைத்தேன். ஐயா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. "தேத்தண்ணி தந்தவங்களா?" என்றார். நான் சொன்னதும் கதிரையில் சாய்ந்தார். காரைதீவிலும் இதே வழக்கம்தான். அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

"நாங்க பள்ளிவாசலில ஒட்டினம், சந்தையில ஒட்டினம், பொலிசில ஒட்டினம். எல்லாம் ஆம்பிளையள் நிக்கிற இடம். சொந்தக்காரி வேலிக்கு உள்ளுக்கு நிண்டால் அவவுக்கு ஆர் வாசிச்சுக் காட்டினது?" என்று கேட்டார். பிறகு, "மரைக்காரை வரச்சொல்லும். இஸ்மாயிலும் வரட்டும்" என்றார்.

மீராசாயிபு மரைக்கார் பள்ளிவாசல் நிருவாகத்தில் தன் குடியின், அதாவது தாய்வழி வம்சத்தின், சார்பில் இருந்தவர். இஸ்மாயிலின் மனைவி சுபைதாவின் தாயோடு பிறந்த மாமா. வெள்ளைத் தொப்பி, வெள்ளைத் தாடி. பொய் சொல்லத் தெரியாத முகம். அவரே இஸ்மாயிலுக்குப் பிணைக் கையெழுத்து வைத்திருந்தது எங்களுக்குப் பெரிய மலைப்பு.

ஐயா பிணைமுறியை எடுத்தார். அது இங்கிலீசில் இருந்தது. "மரைக்கார், இதில என்ன எழுதியிருக்கு எண்டு உங்களுக்குத் தெரியுமா?"

"சாட்சிக் கையெழுத்துத்தானே ஐயா. கலியாணக் காவின் எழுதக்குள்ள வெக்கிற மாதிரி. பெட்டிசம் எழுதுற ஆள் காட்டின இடத்துல வெச்ச."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எத்தனையோ கலியாணத்தில் குடியின் பெரியவராகச் சாட்சிக் கையெழுத்து வைத்துப் பழகிய கை. இதையும் அப்படியே நினைத்து வைத்துவிட்டது.

ஐயா தேத்தண்ணி சொல்லி அனுப்பினார். பிறகு பிணைமுறியை வரிவரியாகத் தமிழில் சொல்லத் தொடங்கினார். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, விளங்கியதா என்று கேட்டார். மரைக்கார், "ஓம் ஐயா, ஓம்" என்றுகொண்டு வந்தார். வயலின் எல்லைகள் வந்த இடத்தில் ஐயா குரலை இன்னும் தணித்தார்.

"இது உங்கட வயல்தானே?"

"ஓம்."

"இதை ஆருக்கு வெச்சிருக்கிறீங்க?"

"சின்ன மகளுக்கு. அவட கலியாணத்துக்கு."

"நல்லது. இந்த லொறிக்கு இஸ்மாயிலை விட உரித்தான ஒரு ஆள் இருந்து, அந்த ஆள் ஒருநாள் இந்தப் படியேறி வந்தால், இந்த வயல் ஏலத்தில போகும். அதுக்குத்தான் இந்தக் கையெழுத்து. இப்ப சொல்லுங்க, அப்பிடி ஒரு ஆள் இருக்கா?"

மரைக்கார் இஸ்மாயிலைப் பார்த்தார். இஸ்மாயில் கூரையைப் பார்த்தார். இருவருடைய கோப்பையும் ஆடை கட்டிப்போயிருந்தது.

"இரிக்கி ஐயா" என்றார் மரைக்கார். "இவர்ர பொஞ்சாதி. எண்ட ராத்தாட மகள். லொறிய வாங்கின அவட வாப்பா. கலியாணத்தண்டு குடிக்காரர் எல்லாருக்கும் முன்னால மகளுக்கெண்டு வாயால சொல்லிக் குடுத்த. பேர் மாத்த முன்ன அவர் மௌத்தாகிட்டார்."

"இது தெரிஞ்சும் ஏன் இவருக்காக வந்தீங்க?"

மரைக்கார் இஸ்மாயில் பக்கம் கையைக் காட்டினார். "லொறிய எண்ட பேருக்கு எழுதாட்டி நான் உம்மா வீட்ட பெயிருவன் எண்டு நிண்டார் ஐயா. புள்ள வாழாவெட்டியா ஆகிருமெண்டு பயந்துதான். ஒரு லொறி போனாப் போகட்டும், வாழ்க்கை நிக்கட்டும் எண்டு நினைச்ச. வயல் போகுமெண்டு ஆருக்குத் தெரியும்?"

இஸ்மாயில் துள்ளி எழும்பினார். "பொண்டாட்டிட லொறிக்கு றைவர் எண்டு ஊரே சிரிக்கிது ஐயா! சந்தியில நிண்டா, முதலாளியம்மா சம்பளம் தந்தவவா எண்டு கேக்கிறானுகள். மாடு மாதிரி உழைக்கிறது நான். பேர் மட்டும் எனக்கில்லையா?"

உண்மையைச் சொன்னால், அந்த நிமிடம் அவர்மேல் எனக்கு இரக்கம் வந்தது. அவர் களவெடுக்க வந்தவரில்லை. ஊர்ச் சிரிப்புக்குப் பயந்தவர். ஐயாவுக்கும் அது விளங்கியிருக்க வேண்டும். ஆனால் அவர் சொன்னது இவ்வளவுதான்: "போறதெண்டால் போகலாம் தம்பி. வரக்குள்ள கொண்டுவந்ததைத் திருப்பிக் கொண்டுபோகலாம். லொறி வரக்குள்ள கொண்டுவந்ததில்லையே."

மறுநாள் நான் சுபைதாவின் வாக்குமூலத்துக்குப் போனேன். மரைக்கார் கூட வந்தார். அவள் கதவுக்குப் பின்னால் நின்று கதைத்தாள். தெளிவான குரல்.

"தண்ணி எந்தப் பக்கத்தால வந்த?" என்று கேட்டேன். ஐயாவின் நோய் எனக்கும் தொற்றிவிட்டிருந்தது.

கதவிடுக்கு வழியாக ஒரு கை வெளியே வந்து மேற்கே காட்டியது. அண்ணன் முறை வைத்துக் காக்கா என்றுதான் என்னைக் கூப்பிட்டாள். "வயல் பக்கத்தால காக்கா. விடியக்குள்ள வந்த. வாப்பாட பெட்டகம் மிதந்து போனதக் கண்ணால பார்த்துக்கொண்டு நிண்ட. புத்தகம் அதுக்குள்ளதான். நானும் உம்மாவும் கோழிகளும் லொறிக்கு மேல ஏறித்தான் தப்பின."

நாங்கள் அத்தனை பேரும் சந்தேகப்பட்ட வெள்ளக் கதை மட்டும் உண்மை! இஸ்மாயில் சொன்னவற்றில் அது ஒன்றுதான் உண்மையும்கூட.

"வேலிய ஆரு அடைச்ச?"

"நானும் உம்மாவும். எங்கட உசிரக் காப்பாத்தின லொறி. அவர் ஓட்டட்டும், உழைக்கட்டும், வாணாமெண்டு சொல்லல்ல. ஆனா வாப்பா எனக்கெண்டு சொன்னத நான் எப்பிடி மாத்திச் சொல்ற?"

"அறிவித்தல் ஒட்டியிருந்தமே, ஏன் ஆளனுப்பல்ல?"

"எங்க ஒட்டின?"

சொன்னேன்.

"அங்கயெல்லாம் நான் எங்க காக்கா வாற?" என்றாள். அதையும் அப்படியே எழுதிக்கொண்டேன்.

அவள் பெயரில் புதிய விண்ணப்பம் போட்டோம். இந்த முறை பறையடித்து ஒழுங்கை ஒழுங்கையாக, வேலிகளுக்கு அப்பால் கேட்கும்படி அறிவித்தலை வாசிக்கச் செய்தார் ஐயா. அந்தத் தம்பி கேட்ட பறை இதுதான். ஒருவரும் எதிர்க்க வரவில்லை. பிணைக்கு மரைக்காரும் அவர் குடியில் இன்னொருவரும் வந்தார்கள். மரைக்கார் ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லவைத்துக் கேட்டுவிட்டு, அதே வயலைத் திரும்பவும் பிணை வைத்தார். பதிவு வந்ததும் வேலி திறந்தது, லொறி ஓடியது. ஓட்டியவர் இஸ்மாயில்தான். உம்மா வீட்டுக்கு அவர் போகவில்லை.

"இப்ப போகல்ல" என்று ஐயா திருத்தினார். "கெடு முடியட்டும், பாப்பம்."

கெடு முடிந்த காலத்தில் ஐயா பென்சனுக்கு நெருங்கியிருந்தார். ஒருநாள் காலை அந்த லொறி எங்கள் கந்தோர் வாசலில் வந்து நின்றது. முன் ஆசனத்திலிருந்து ஒரு பெண் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கினாள். சுபைதாவின் முகத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். மரைக்கார் படுக்கையில் என்றாள். சின்ன மகளுக்குக் கலியாணம் பேசி முடிந்துவிட்டது. வயல் பிணையில் கிடப்பதால் எழுத முடியவில்லை. மாப்பிள்ளை வீட்டார் அவசரப்படுத்துகிறார்கள். பிணையை அவிழ்த்துத் தர வேண்டும்.

ஐயா தேத்தண்ணி சொல்லி அனுப்பினார். "இடையில ஆரும் உரிமை கேட்டு வந்தவங்களா?" என்றார். இல்லை என்றாள். மழையைப் பற்றிக் கதைத்தார். "பதுளைப் பக்கமிருந்தும் ஒருத்தரும் வரவில்லையோ?" இல்லை என்றாள். கோப்பை அவள் முன்னால் தொடாமல் கிடந்தது. ஆவி நின்றது. ஐயாவின் கண் கோப்பைக்கும் அவள் முகத்துக்குமாகப் போய்வந்தது. அந்த வயல் போனால் ஒரு பிள்ளையின் கலியாணம் நிற்கும்.

சுபைதா அந்தப் பார்வையைக் கண்டுவிட்டாள். முக்காட்டுக்குள் ஒரு சின்னச் சிரிப்பு.

"ஐயா, நான் இண்டைக்குச் சுன்னத்து நோன்பு. அதான் குடிக்கல்ல. வெளிய அவர் இரிக்கார், அவருக்குக் குடுத்தனுப்புங்க."

ஐயா தடுமாறினார். "ஆறிப்போச்சுதே, பிள்ளை."

"பறவாயில்ல. ஆறினதையும் குடிப்பார். நான் குடுத்துப் பழக்கி வெச்சிரிக்கன்."

பியோன் கோப்பையை வெளியே கொண்டுபோனார். நாங்கள் மூவரும் சன்னலால் பார்த்தோம். இஸ்மாயில் லொறியிலிருந்தபடியே அதை வாங்கினார். முகம் சுளிக்கவில்லை. அவசரப்படவும் இல்லை. கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, கோப்பையைக் கவிழ்த்து, கந்தோர்ச் சன்னலைப் பார்த்துத் தூக்கிக் காட்டினார்.

தம்பிராசா ஐயா வாய்விட்டுச் சிரித்ததை நான் அன்று மட்டும்தான் கண்டேன். பிணைமுறியை எடுத்து, பிணை அவிழ்ந்தது என்று கையெழுத்து வைத்தார். அவளை வாசல் வரை கொண்டுபோய் விட்டார். மூன்றாம் முறை கேட்கவில்லை.